ஒரு ஆசிரியர், ஐந்து வகுப்பு: கொலம்பியாவின் எஸ்குவேலா நுவேவா பள்ளிகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

கொலம்பியாவின் மலைக் கிராமங்களில், ஐந்து வகுப்பையும் ஒரே ஆசிரியரோ இரண்டு ஆசிரியர்களோ நடத்தும் தொடக்கப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இருபது முப்பது பிள்ளைகள். ஆறு வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே அறையில். இப்படி ஒரு பள்ளி எந்த நாட்டில் இருந்தாலும், அதைப் பற்றிய அறிக்கைகள் இல்லாதவற்றின் பட்டியலாகவே இருக்கும். வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இல்லை, ஆய்வகம் இல்லை, விளையாட ஆள் சேராது, போட்டி கிடையாது, ஐந்தாம் வகுப்புக்கு மேல் வழியே இல்லை.

1997இல் யுனெஸ்கோ லத்தீன் அமெரிக்க நாடுகளில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மொழியிலும் கணக்கிலும் ஒரு ஒப்பீட்டுத் தேர்வு நடத்தியது. எல்லா நாடுகளிலும் எதிர்பார்த்தபடியே நகரப் பிள்ளைகள் முன்னால், கிராமப் பிள்ளைகள் பின்னால். கொலம்பியாவில் மட்டும் அது தலைகீழாக இருந்தது. மிகப் பெரிய நகரங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், மற்ற நகரப் பள்ளிகளைவிட அங்கே கிராமப் பள்ளிகள் மேலாகச் செய்திருந்தன. அந்தக் கிராமப் பள்ளிகளில் பெரும்பாலானவை அப்போது எஸ்குவேலா நுவேவா, அதாவது 'புதிய பள்ளி' என்ற முறையில் நடந்தவை.

அந்த அறைக்குள் ஒரு பிள்ளையின் நாள் எப்படி மாறியது என்பதையும், சில நூறு பள்ளிகள் இருபதாயிரமாகப் பெருகியபோது எது தங்கியது, எது உதிர்ந்தது என்பதையும் இந்த ஆய்வில் பார்க்கலாம். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகங்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. ஆசிரியர்கள் கூடிப் பேசி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு அதே வேகத்தில் போய்ச் சேரவில்லை. சிறிய பள்ளியின் பலம் அந்த இரண்டாவதில்தான் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

மூடவும் முடியாது, பிரிக்கவும் முடியாது

ஆண்டீஸ் மலை கொலம்பியாவுக்குள் மூன்று தொடர்களாகப் பிரிந்து வடக்கே போகிறது. அந்தச் சரிவுகளில் 'வேரெடா' எனப்படும் சிற்றூர்ப் பகுதிகள். நம் ஊர்த் தெருக்களைப் போல வீடுகள் அடுத்தடுத்து இருப்பதில்லை. அவரவர் காப்பித் தோட்டத்துக்கு நடுவில் அவரவர் வீடு. சின்னப் பள்ளிகள் பத்தை மூடிவிட்டுப் பெரிய பள்ளி ஒன்றைக் கட்டி பஸ் விடலாம் என்ற யோசனை இங்கே எடுபடாது. மழைக்காலத்தில் பஸ் போகும் பாதையே இருக்காது. வகுப்புக்கு ஒரு ஆசிரியர் போடலாம் என்றால், ஆறு பிள்ளைக்கு ஒருவர் என்று எந்த அரசும் சம்பளம் தராது. ஆக, பல வகுப்புகள் கலந்த ஓரறைப் பள்ளிதான் அங்கே நிரந்தரம்.

இதை நேராக எதிர்கொண்ட முதல் முயற்சி 1961இல் நடந்தது. யுனெஸ்கோ ஆதரவோடு, பம்ப்லோனா என்ற மலை நகரத்தில் 'எஸ்குவேலா யூனித்தாரியா' என்ற ஓராசிரியர் மாதிரிப் பள்ளி தொடங்கப்பட்டது. பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாக்கிக் கொடுத்தால் பிள்ளைகள் அவரவர் வேகத்தில் படிக்கலாம், ஆசிரியர் ஒவ்வொருவராகப் பார்க்கலாம் என்பது திட்டம். யோசனை நல்லதுதான். ஆனால் அந்த அட்டைகளை ஆசிரியரே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. பகலில் ஐந்து வகுப்பு, இரவில் ஐந்து வகுப்புக்கும் அட்டை. பம்ப்லோனாவுக்கு வெளியே இந்த முறையைப் பரப்பியபோது பல ஆசிரியர்களுக்கு மூச்சுத் திணறியது.

அந்த வட்டாரத்திலேயே ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்து, அதன் நெளிவுசுளிவு தெரிந்தவர் ஆஸ்கர் மொகோயோன். சமூகவியல் படித்துவிட்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கல்வி ஒப்பாய்வில் மேற்படிப்பு முடித்துக் கல்வி அமைச்சகத்துக்கு வந்தவர் விக்கி கோல்பர்ட். அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையிலிருந்து வந்தவர் பெரில் லெவிங்கர். 1970களின் நடுவில் இவர்கள் சேர்ந்து, யூனித்தாரியாவில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று பார்த்து எஸ்குவேலா நுவேவாவை உருவாக்கினார்கள். ஒரு சாதாரண ஆசிரியரால் செய்ய முடிய வேண்டும், அரசால் செலவு தாங்க முடிய வேண்டும், அரசியல் மாறினாலும் நிலைக்க வேண்டும் என்ற மூன்று அளவுகோல்களை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அபாரமான ஆசிரியர் ஒருவரை நம்பி நடக்கும் பள்ளி அவர் மாற்றலாகிப் போன நாளோடு முடிந்துவிடும் என்பது மொகோயோனுக்குத் தெரியாததல்ல.

அறைக்குள் ஒரு நாள்

காலையில் பிள்ளை உள்ளே வந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் வருகைப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே தானே குறி போடுகிறது. ஆசிரியர் பெயர் கூப்பிட்டு 'உள்ளேன் ஐயா' வாங்குவது கிடையாது. சின்ன விஷயம்தான். ஆனால் ஐந்து வகுப்பை ஒருவரே பார்க்கும் அறையில் தினம் கொஞ்சம் நேரம் மிச்சமாகிறது. தன் வருகைக்குத் தானே பொறுப்பு என்ற எண்ணமும் முதல் நாளிலிருந்தே வந்துவிடுகிறது. வராத பிள்ளை யார், ஏன் வரவில்லை என்று கேட்பதும் பெரும்பாலும் மற்ற பிள்ளைகள்தான்.

கரும்பலகையைப் பார்த்து வரிசையாகப் போட்ட பெஞ்சு இல்லை. சிறு மேசைகளைச் சேர்த்துப் போட்டு நாலைந்து பேராக உட்காருகிறார்கள். ஒவ்வொரு குழுவிடமும் கற்றல் கையேடு இருக்கும். மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியல் எல்லாவற்றுக்கும் இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கையேடுகள் உண்டு. இவை ஆளுக்கொன்று தரப்படும் பாடநூல் கிடையாது. இரண்டு மூன்று பேருக்கு ஒன்று என்று பள்ளியிலேயே இருக்கும். எழுதுவதெல்லாம் நோட்டில் என்பதால் அடுத்த ஆண்டும் அதே கையேடு பயன்படும். செலவு கட்டுப்படியானது இதனால்தான். ஒரு புத்தகத்தை மூன்று பேர் பார்க்க வேண்டும் என்றால் பேசிக்கொள்ளாமல் முடியாது. சிக்கனத்துக்காகச் செய்தது கற்பித்தல் முறையாகவும் ஆகிவிட்டது.

கையேட்டின் ஒவ்வொரு பாடமும் மூன்று பகுதியாக நடக்கும். முதல் பகுதியில் உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டு, குழுவோடு பேசவைத்து, புதிய கருத்தை அறிமுகம் செய்யும். இரண்டாவது பயிற்சி. மூன்றாவது பகுதி பள்ளிக்கு வெளியே செய்ய வேண்டியது. பரப்பளவு என்ற கணக்குப் பாடத்தை எடுத்துக்கொண்டால், முதல் பகுதியில் மேசையைக் கைச்சாணால் அளந்து, ஒவ்வொருவருக்கும் ஏன் வேறு வேறு விடை வருகிறது என்று பேசுவது. இரண்டாவதில் நோட்டில் கணக்குகள். மூன்றாவதில் வீட்டில் அப்பாவோடு போய் நாற்றங்காலை அளந்து, எத்தனை கன்று வைக்கலாம் என்று கேட்டு எழுதி வருவது. இந்த வகையில் அமைப்பு இருக்கும். இடையிடையே 'செய்ததை ஆசிரியரிடம் காட்டு' என்று ஒரு வரி வரும். அங்கே பிள்ளை நின்றாக வேண்டும். ஆசிரியர் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, சரி என்றால்தான் அடுத்தது.

முதல் வகுப்புக்கு மட்டும் இந்தக் கையேடு உதவாது. படிக்கத் தெரியாத குழந்தையிடம் 'படித்துச் செய்' என்று எப்படிச் சொல்வது? எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இது. பெரிய பிள்ளைகள் கையேட்டோடு தாங்களாக நகர்வதால் கிடைக்கும் நேரத்தை ஆசிரியர் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடிகிறது. எழுத்து கூட்டிப் படிக்கும் அந்த ஒரு வருடம் ஆசிரியர் கையைப் பிடித்து நடத்துகிறார். அது சரியாக நடந்தால்தான் இரண்டாம் வகுப்பில் கையேடு வேலை செய்யும். இந்த அடித்தளம் ஆட்டம் காணும் பள்ளியில் மேலே உள்ள நான்கு வகுப்பும் சேர்ந்தே ஆடும்.

சுவரோரம் கற்றல் மூலைகள். விதைகள், மண் வகைகள், கல், பூச்சிக் கூடு, பழைய கருவிகள் என்று பிள்ளைகளே கொண்டுவந்து வைப்பவை. பக்கத்தில் ஒரு சிறு நூலகம். கையேட்டிலேயே 'நூலகத்தில் தேடிப் பார்' என்று வரும் என்பதால் புத்தகங்கள் அலமாரியில் பூட்டிக் கிடப்பதில்லை. பல வீடுகளில் வேறு புத்தகமே இல்லாத ஊரில் அந்த அலமாரிக்கு உள்ள மதிப்பை நகரத்திலிருந்து கணிப்பது கஷ்டம்.

காப்பி பழுக்கும் மாதங்கள்

கொலம்பியாவின் பெரும்பாலான பள்ளிகளில் கல்வியாண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்கி நவம்பரில் முடியும். நடுவட்டாரக் காப்பிப் பகுதியில் முக்கிய அறுவடை ஆண்டின் கடைசி மாதங்களில் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு சிறு அறுவடை உண்டு. பழுத்த காப்பிப் பழத்தைக் கையால் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும்; விட்டால் உதிர்ந்துவிடும். வீட்டில் எத்தனை கை இருந்தாலும் அப்போது போதாது. ஆக, ஆண்டு முடிந்து, தேறினாயா இல்லையா என்று முடிவாகும் மாதங்களில்தான் பிள்ளை தோட்டத்தில் நிற்கிறது. பழைய முறையில் அந்தப் பிள்ளை மறுபடி அதே வகுப்பில் முதல் பாடத்திலிருந்து உட்கார வேண்டும். இரண்டு வருடம் இப்படி ஆனால் மூன்றாவது வருடம் வராது. கிராமத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்ற பேச்சுக்குப் பின்னால் பல நேரம் இந்த நாட்காட்டி மோதல்தான் இருந்தது.

எஸ்குவேலா நுவேவா இதற்குக் கொண்டுவந்த தீர்வு நெகிழ்வான தேர்ச்சி. ஒரு வகுப்பின் கையேடுகளை முடித்த பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகலாம். அது எந்த மாதமாகவும் இருக்கலாம். அறுவடைக்குப் போய் ஐந்து வாரம் கழித்து வரும் பிள்ளை, விட்ட பாடத்திலிருந்தே தொடங்கும். ஐந்து வகுப்பும் ஏற்கெனவே ஒரே அறையில் இருப்பதால், ஒரு பிள்ளை கணக்கில் நான்காம் கையேட்டிலும் மொழியில் மூன்றாம் கையேட்டிலும் இருந்தால் யாருக்கும் சிரமமில்லை. வகுப்புக்கு ஒரு அறை, பாடத்துக்கு ஒரு ஆசிரியர் என்று இருக்கும் பெரிய பள்ளியால் இதைச் செய்யவே முடியாது. சின்னப் பள்ளியின் குறை என்று சொல்லப்பட்டதே இங்கே வசதியாகிறது.

இதோடு சேர்த்து, ஆசிரியரும் பிள்ளைகளும் ஊர்க்காரர்களைக் கேட்டு மூன்று பொருள்களைத் தயாரிக்க வேண்டும். ஒன்று வேரெடாவின் வரைபடம். எந்த வீடு எங்கே, ஓடை எங்கே, எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் நடந்து வருகிறது என்று காட்டுவது. இன்னொன்று வேளாண் நாட்காட்டி. எந்த மாதம் எந்த வேலை, எப்போது பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள. மூன்றாவது, குடும்பங்களைப் பற்றிய குறிப்பு. வெளியூரிலிருந்து வந்து சேரும் புது ஆசிரியருக்கு இவற்றைவிட நல்ல வழிகாட்டி இருக்க முடியாது. அப்புறம் 'பயண நோட்டு' ஒன்று வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒரு கதையோ பழைய சம்பவமோ கைப்பக்குவமோ எழுதி அனுப்பும். எழுதத் தெரியாத பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுவாள். வகுப்பில் அதை உரக்கப் படிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் பள்ளி வாசலோடு நின்றுவிடும் வழக்கத்தை இது உடைத்தது.

இருபத்தைந்து பேர் பள்ளியில் பதவி

எஸ்குவேலா நுவேவாவில் மாணவர் ஆட்சி பெயருக்கு வைத்தது கிடையாது. தலைவர், துணைத் தலைவர், செயலர் ஆகியோரைப் பிள்ளைகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நூலகக் குழு, தோட்டக் குழு, சுகாதாரக் குழு, விளையாட்டுக் குழு என்று குழுக்கள் உண்டு. ஒவ்வொரு குழுவும் என்ன செய்யப்போகிறது என்று எழுதி வைத்து, செய்ததை மற்றவர்களிடம் சொல்ல வேண்டும். சுவரில் ஆலோசனைப் பெட்டி இருக்கும். பக்கத்திலேயே நட்புப் பெட்டி; பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்களுக்கு. தபால்காரர் எப்போதாவது வரும் ஊரில் தன் பெயருக்கு ஒரு கடிதம் வருவது எந்தக் குழந்தைக்கும் பெரிய விஷயம். எழுதவும் படிக்கவும் அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் மாணவர் தலைவர் ஒருவர், மேடையேறுபவர் பத்துப் பேர், மீதி எல்லோரும் கைதட்டுபவர்கள். இருபத்தைந்து பேர் பள்ளியில் எல்லோருக்கும் ஏதோ ஒரு பொறுப்பு வந்தே தீரும். வாய் திறக்காத பெண் பிள்ளைக்கும் ஒரு வருடம் நூலகக் குழு கிடைக்கும். யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார், ஏன் திருப்பித் தரவில்லை என்று அவள் கேட்டாக வேண்டும். ஐந்து வருடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தேர்தலில் நின்றோ, குழுவில் இருந்தோ, கூட்டத்தில் பேசியோ வெளியே போகிறது. சின்னப் பள்ளியில் வாய்ப்பு குறைவு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கொலம்பியாவில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 1960களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீண்ட ஆயுதப் போராட்டம் கிராமப் பகுதிகளைத்தான் அதிகம் சிதைத்தது. கருத்து வேறுபட்டால் பேசித் தீர்க்கலாம், வாக்களித்து முடிவு செய்யலாம், தோற்றவரும் அடுத்த நாள் அதே குழுவில் உட்காரலாம் என்பதை ஏழு வயதில் செய்து பார்ப்பது அங்கே வெறும் பாடத்திட்ட விஷயமாக இருக்க முடியாது. இந்தப் பள்ளிகளின் பிள்ளைகளை மற்றப் பள்ளிப் பிள்ளைகளோடு 2000களில் ஒப்பிட்டுப் பார்த்த கொலம்பிய ஆய்வாளர்கள், அமைதியாக இணைந்து பழகும் போக்கு இவர்களிடம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். 1994இல் வந்த பொதுக் கல்விச் சட்டம் நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் நிர்வாகத்தில் மாணவர் பிரதிநிதித்துவம் வேண்டும் என்றது. மலைக் கிராமப் பள்ளிகள் அதற்கு வெகு காலம் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தன.

ஆசிரியருக்கும் ஒரு கூட்டம் வேண்டும்

ஓராசிரியர் பள்ளியில் பிள்ளைகளைவிடத் தனியாக இருப்பவர் ஆசிரியர்தான். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. நன்றாகச் செய்தால் பாராட்ட ஆளில்லை. எங்கோ மலையுச்சியில் ஒருவர் மூன்று வருடம் இப்படி இருந்தால் அவருக்குள் இருக்கும் ஆசிரியர் மெல்ல வாடிவிடுவார். எஸ்குவேலா நுவேவாவை உருவாக்கியவர்கள் இதைப் பிள்ளைகளின் பிரச்சினை அளவுக்கே முக்கியமாக எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சியை ஒரே மூச்சில் கொடுத்து அனுப்பவில்லை. இடைவெளி விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் சில நாட்கள். முதல் பயிலரங்கு முடிந்ததும் ஆசிரியர் ஊருக்குத் திரும்பி மேசைகளை மாற்றிப்போட்டு, மாணவர் ஆட்சியைத் தொடங்கி, வரைபடமும் நாட்காட்டியும் தயாரிக்க வேண்டும். கையேடு இன்னும் கைக்கு வந்திருக்காது. அது நடந்த பிறகுதான் கையேடுகளைக் கையாளும் பயிலரங்கு. நூலகத்துக்கு இன்னொன்று. பயிற்சி நடக்கும் விதமும் வகுப்பறை போலவே இருக்கும். ஆசிரியர்களுக்கும் கையேடு, அவர்களும் குழுவாக உட்கார்ந்து, படித்து, விவாதித்து, செய்து காட்டுவார்கள். புதிதாகச் சேர்பவர்கள் முதலில் ஏற்கெனவே இந்த முறையில் நடக்கும் ஒரு மாதிரிப் பள்ளியைப் போய்ப் பார்ப்பார்கள். தன்னைப் போன்ற ஒரு ஆசிரியர், தன்னுடையதைப் போன்ற ஓட்டுக் கட்டடத்தில், இதைச் செய்வதைப் பார்த்த பிறகு 'இதெல்லாம் நடக்கிற காரியமா' என்ற கேள்வி தானாக அடங்கிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மைக்ரோசென்ட்ரோ. பக்கத்துப் பக்கத்து வேரெடாக்களின் ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு பள்ளியில் கூடுவார்கள். நம் ஊரில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு உடனே ஒரு படம் தோன்றும். ஆனால் இது மேலிருந்து சுற்றறிக்கை வாசிப்பதற்கான கூட்டமாக இருக்கவில்லை. என் பள்ளியில் பின்னப் பாடத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள், உங்கள் பள்ளியில் எப்படி என்று கேட்பதற்கான கூட்டம். கையேட்டில் எந்தப் பக்கம் நம் ஊருக்குப் பொருந்தவில்லை, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று பேசுவதற்கான கூட்டம்.

இருபதாயிரம் பள்ளிகளும் அதன் விலையும்

1985இல் அரசு இதைக் கிராமப்புறக் கல்விக்கான தேசியக் கொள்கையாக ஏற்றபோது சுமார் 8,000 பள்ளிகள் இந்த முறையில் இருந்தன. 1989இல் அது 18,000ஐ நெருங்கியது. அதே ஆண்டு உலக வங்கி, வளரும் நாடுகளில் தேசிய அளவில் வெற்றி பெற்ற மூன்று தொடக்கக் கல்விச் சீர்திருத்தங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை 20,000ஐத் தாண்டியது. கோல்பர்ட் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். அரசு மாறினால் திட்டம் காற்றில் போய்விடக் கூடாது என்று 1987இல் இதற்கென ஒரு அறக்கட்டளையும் அவர் நிறுவினார். பிற்காலத்தில், கல்விக்கான சர்வதேசப் பரிசுகளான வைஸ் பரிசு 2013இலும் யிதான் பரிசு 2017இலும் அவருக்குக் கிடைத்தன.

பரவிய வேகத்தில் சில இழப்புகளும் நேர்ந்தன. 8,000 பள்ளிகள் நான்கு ஆண்டில் இரு மடங்குக்கு மேல் ஆகும்போது, ஒவ்வொரு ஆசிரியரையும் மூன்று பயிலரங்குக்கும் மாதிரிப் பள்ளிக்கும் அனுப்ப முடியாது. பயிற்சி சுருங்கியது. 1990களில் கல்வி நிர்வாகம் மாகாணங்களுக்கும் நகராட்சிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது, மைக்ரோசென்ட்ரோக்களைக் கூட்டுவதும் தொடர்ந்து போய்ப் பார்ப்பதும் யார் வேலை என்பதே பல இடங்களில் குழப்பமானது. 1990களில் வெளிவந்த பாட்ரிக் மெக்எவனின் ஆய்வு ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னது. பட்டியலில் எஸ்குவேலா நுவேவா என்று இருந்த பள்ளிகள் பலவற்றில் முழுக் கையேடுகளோ நூலகமோ இல்லை; பட்டியலில் இல்லாத சில பள்ளிகளில் அவை இருந்தன. வாசலில் எழுதியிருக்கும் பெயரை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாத நிலை.

முடிவுகளையும் இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். மெக்எவன் கண்டது இது: மூன்றாம் வகுப்பில் மொழியிலும் கணக்கிலும் எஸ்குவேலா நுவேவா பிள்ளைகள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் மொழியில் சிறு முன்னிலை மட்டும். கணக்கில் வித்தியாசம் தெரியவில்லை. ஜார்ஜ் சகரோபூலோசும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வும் பொதுவாகச் சாதகமான முடிவையே தந்தது. மொத்தத்தில் நல்ல சித்திரம்தான். ஆனால் ஐந்தாம் வகுப்புக் கணக்கு என்னை யோசிக்க வைக்கிறது. மேல் வகுப்புக் கணக்கில் ஒரு கருத்து புரியாமல் நின்றால், அதே கையேட்டை மறுபடி படிப்பதால் அது திறக்காது. அங்கே விளக்கத் தெரிந்த ஆசிரியர் தேவை. அந்த ஆசிரியர் தன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மைக்ரோசென்ட்ரோ தேவை. அது இல்லாத இடத்தில் கையேடு ஒரு எல்லை வரைதான் கொண்டுபோகும். இது என் ஊகம்தான், ஆய்வில் நேராக நிரூபிக்கப்பட்டதல்ல.

இன்னொரு குறையும் அடிக்கடி சொல்லப்பட்டது. பயிற்சி சரியாகப் பெறாத ஆசிரியரின் பள்ளியில் பிள்ளைகள் கையேட்டை அப்படியே நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். மேசை வட்டமாக இருக்கும், பேச்சு இருக்காது. 'செய்ததை ஆசிரியரிடம் காட்டு' என்ற இடத்தில் ஆசிரியர் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புவார். வெளியிலிருந்து வரும் அதிகாரிக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். நல்ல எஸ்குவேலா நுவேவா பள்ளியையும் மோசமான ஒன்றையும் ஒரு புகைப்படத்தில் வேறுபடுத்த முடியாது. பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

மற்ற மண்ணில்

1990களின் தொடக்கத்தில் மொகோயோன் குவாத்தமாலாவுக்குப் போய் அங்கே பூர்வகுடி மக்கள் வாழும் கிராமங்களுக்கான ஓராசிரியர் பள்ளித் திட்டத்தில் வேலை பார்த்தார். வியட்நாம் 2012க்குப் பிறகு இதே முறையைத் தழுவி, கல்விக்கான உலகளாவிய கூட்டமைப்பின் நிதியோடு 1,447 தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. அங்கே மலைப் பகுதிச் சின்னப் பள்ளிகளோடு நிற்காமல், நாற்பது ஐம்பது பேர் இருக்கும் வகுப்புகளுக்கும் இது விரைவாகக் கொண்டுபோகப்பட்டது. ஆசிரியர் பாடம் நடத்துவதே இல்லை என்று பெற்றோர் எதிர்த்தார்கள். 2016வாக்கில் சில மாகாணங்கள் நிறுத்திக்கொண்டன. சின்ன அறைக்காக யோசித்ததைப் பெரிய அறைக்கு அப்படியே கொண்டுபோனால் வரும் சிக்கல் இது. முறையின் குற்றம் என்று முழுதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இதில் பல விஷயம் பழகியதாகத் தோன்றியிருக்கும். ஆந்திராவின் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமியக் கல்வி மையம், சுற்றுவட்டாரத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளும், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் கற்றல் ஏணியும் கொண்ட ஒரு முறையை வளர்த்தது. அதைப் பார்த்துக் கற்றுவந்த சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுக்க வந்ததுதான் செயல்வழிக் கற்றல். அங்கேயும் அட்டைகள் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு ஆசிரியருக்கும் அந்த முறை உள்ளே இறங்கியதா என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்பது நம் நாட்டிலும் சட்டமே ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஆனால் ஒரே நேரத்தில் மூன்று வகுப்பை எப்படி நடத்துவது என்பது ஆசிரியர் பயிற்சியில் இன்னும் ஓரத்தில்தான் இருக்கிறது. இது மாற வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

கால்டாஸில் ஏன் நிலைத்தது

பல மாகாணங்களில் தேய்ந்த முறை, மனிசாலெஸைத் தலைநகராகக் கொண்ட கால்டாஸ் மாகாணத்தில் தேயவில்லை. காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். அங்குள்ள காப்பி விவசாயிகளின் குழு 1982இலேயே எஸ்குவேலா நுவேவாவைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. மாகாண அரசோடு சேர்ந்து அந்தக் குழு, கையேடு அச்சிடுவதோடு நிற்காமல் ஆசிரியர் பயிற்சிக்கும், மைக்ரோசென்ட்ரோக்களுக்கும், பள்ளிகளைத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் ஆட்களுக்கும் வருடா வருடம் நிதி ஒதுக்கியது. ஆட்சி மாறியபோதும் அது நிற்கவில்லை. புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியருக்குப் பக்கத்துப் பள்ளியில் பத்து வருடம் இதைச் செய்த ஒருவர் எப்போதும் இருந்தார்.

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை என்ன செய்வது என்ற கேள்வியையும் கால்டாஸ்தான் முதலில் தீவிரமாக எடுத்தது. மேல்நிலைப் பள்ளிக்கு நகரத்தில் விடுதி பிடிக்க வேண்டும் என்றால் பெரும்பாலான குடும்பங்கள், அதிலும் பெண் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், அங்கேயே நிறுத்திவிடும். அதனால் அதே கையேட்டு முறையை ஆறாம் வகுப்புக்கும் அதற்கு மேலும் நீட்டினார்கள். காப்பி சாகுபடியையும் சிறு தொழில் திட்டம் தீட்டுவதையும் பாடத்தில் சேர்த்தார்கள். மாணவர்கள் வீட்டு நிலத்திலேயே செய்து காட்டும் திட்டங்கள் மதிப்பெண்ணுக்குக் கணக்கானது. பின்னர் கால்டாஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களோடு சேர்ந்து 'வயலில் பல்கலைக்கழகம்' என்ற திட்டமும் வந்தது. கடைசிப் பள்ளி வகுப்புகளில் இருக்கும்போதே கிராமத்து மாணவர்கள் தங்கள் பள்ளியிலேயே தொழில்நுட்பப் படிப்பைத் தொடங்கலாம். பேராசிரியர்கள் மலையேறி அங்கே வந்து பாடம் நடத்துகிறார்கள்.